புஷைப் ஊர் பார்க்க வந்த வியாழக்கிழமைகள்

புஷைப் கடலில் மூழ்கி நான்கு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் கழிந்த பிறகு, ஒரு வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, மராகேஷிலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்தில் வந்து இறங்கி, தன் மனைவியிடம் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேட்டான். பிரெஞ்சில் கேட்டான். உயிரோடு இருந்தவரை அவனுக்கு அந்த மொழியில் பத்து வரை எண்ணவும் துறைமுக அதிகாரியைத் திட்டவும் மட்டுமே தெரியும். இப்போது பேசியதோ பிசிறில்லாத, படித்தவர்களின் பிரெஞ்சு. ஆஸ்ஃபி நகரத்தின் உரிமம் பெற்ற வழிகாட்டியான யம்னா, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மஞ்சள் குடையுமாக நின்றிருந்தவள், கோட்டை வாசலுக்கு இடப்பக்கம் என்று பதில் சொன்னாள். எல்லாப் பயணிகளும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான் என்பதால் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் நன்றி சொல்லிவிட்டு நடந்தான். அவன் நடந்த கல்தரையில் ஈரக் காலடிகள் விழுந்தன. வெயிலில் அவை காய்ந்த இடத்தில் உப்பு பூத்தது.

அவன்தான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இடது கைச் சுண்டுவிரலின் நுனியை வலைக்கயிறு கொண்டுபோயிருந்தது. வலது காலைச் சற்று உள்வாங்கி வைக்கும் நடை அப்படியே இருந்தது. மத்தி பிடிக்கப் போன அந்தப் படகில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஏழு பேரின் உடல்களைக் கடல் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தது. எட்டாமவனைக் கொடுக்கவில்லை. நீதிமன்றம் ஒரு வருடம் காத்திருந்துவிட்டு அவன் இறந்துவிட்டதாக எழுதியது. யம்னா நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தினாள். பிறகு மீன் டப்பா ஆலையில் தலை கிள்ளும் வேலைக்குப் போனாள். விரல்களில் நாற்றம் போகாததால் மகள் கிஸ்லான் அவள் கையால் சோறு உண்ண மறுத்தாள். அதன் பின்புதான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சைத் தூசி தட்டி, வழிகாட்டித் தேர்வு எழுதி, மஞ்சள் குடையை வாங்கியது. வியாழக்கிழமைப் பேருந்து கடலோரமாக வடக்கே போகிற வழியில் இந்த ஊரில் மூன்று மணி நேரம் நிற்கும். கடற்கோட்டை, பழைய ஊரின் சந்துகள், மீன் சந்தை, குயவர் மேடு, திரும்பப் பேருந்து. அதுதான் அவளுடைய சுற்று.

அந்த முதல் வியாழனன்று அவள் எதையும் விடாமல் சொல்லி முடித்தாள். நீலச் சட்டையில் வந்திருந்த புஷைப் எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டான், பீரங்கிகளைத் தொட்டுப் பார்த்தான், மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். மீன் சந்தைக்குப் பின்னால் அடுப்பு போட்டு மத்தி சுட்டு விற்கிற ஜிலாலி, புஷைபின் தம்பி, கையிலிருந்த இடுக்கியைக் கரிக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“அண்ணி, அந்த நீலச் சட்டை…”

“பார்த்தேன்.”

“அண்ணன்தானே?”

“பயணிங்க முன்னாடி கத்தாதே, ஜிலாலி.”

“கத்தாம என்ன பண்ணச் சொல்றீங்க? நாலு வருஷம் அழுதிருக்கேன் நான். இவன் என் கடைக்கு வந்து நின்னு, இந்த மீன்ல முள்ளு ஜாஸ்தியா இருக்குமான்னு கைச்சாடையில கேக்கறான்! எனக்கு முள்ளெடுக்கச் சொல்லிக் குடுத்ததே இவன்தான்!”

“நீ என்ன சொன்னே?”

“என்ன சொல்றது? நானே முள்ளெடுத்துக் குடுத்தேன். ரெண்டு தட்டு தின்னான்.”

ஒன்றே காலுக்குப் பேருந்து கிளம்பத் தயாரானது. ஓட்டுநர் ஹம்மு கணக்குப் பிசகாத ஆள். யம்னா அவனிடம் பதினான்காம் இருக்கையில் இருப்பவர் யார் என்று கேட்டாள். “லிஸ்ட்ல இருபத்தி மூணு பேரு தங்கச்சி, வண்டியில இருபத்தி மூணு தலை. அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்?” என்றான் ஹம்மு. அடுத்த வியாழக்கிழமை அதே பதினான்காம் இருக்கையிலிருந்து அதே நீலச் சட்டையில் புஷைப் இறங்கி, கழிப்பறை எங்கே என்று கேட்டான். போன வாரம் வந்தீர்களே என்று அவள் சொன்னபோது சிரித்தான். “இல்லை மிஸ், இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை. ரொம்ப நாளா வரணும்னு ஆசை.”

அதற்கடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும். ஊர் முதல் மாதம் கூடிக்கூடி வேடிக்கை பார்த்தது. அவனோடு மூழ்கிய ஏழு பேரின் வீட்டார் வந்து, தங்கள் ஆட்களும் பின்னால் வருகிற பேருந்துகளில் இருக்கிறார்களா என்று அவனிடம் கேட்டார்கள். அவன் மரியாதையாக, புரியவில்லை என்று தோளைக் குலுக்கினான். அவர்கள் யம்னாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். பொறாமையா பரிதாபமா என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. குளிர்காலம் வந்ததும் கூட்டம் கலைந்தது. வியாழக்கிழமைகளில் சந்தில் உப்பைப் பெருக்குவது துப்புரவுக்காரர்களின் வேலையில் சேர்ந்துகொண்டது.

ஜிலாலி சும்மா இருக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு மராகேஷுக்குப் போய் அந்தப் பேருந்திலேயே ஏறினான். பதினான்காம் இருக்கை காலியாக இருந்தது. பாதி வழியில், கடல் முதன்முதலாகக் கண்ணில் படுகிற மேட்டில் பேருந்து ஏறியபோது, ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டுத் திரும்பினால் அண்ணன் உட்கார்ந்திருந்தான், மடியில் ஊர் வரைபடத்தோடு. ஜிலாலி ஆஸ்ஃபியில் இறங்காமல் வடக்கேயும் கூடவே போனான். அண்ணனின் சட்டைக் கையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாலை கடலைவிட்டு விலகுகிற வளைவில் ஒரு தும்மல் வந்தது. கண் திறந்தபோது விரல்களில் ஒரு பாசித் துண்டு சுற்றியிருந்தது. இருக்கை நனைந்திருந்தது. “தும்மாம இருந்திருக்கலாம்,” என்று அவன் பிறகு பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் மறுக்கவில்லை.

யம்னா பதிவு எழுதும் இரண்டு பெரியவர்களிடம் போய், தன் கணவன் உயிரோடு இருப்பதாகத் திருத்தி எழுத முடியுமா என்று கேட்டாள். அவர்கள் இரண்டு வியாழன்கள் வந்து, குழுவோடு சேர்ந்து சுற்றி, அவனைப் பார்த்தார்கள். ஒருவர் அவனுக்குத் தன் ஆரஞ்சில் பாதியைக் கொடுத்தார். கடைசியில் மூத்தவர் சொன்னார்: “அவன்தான்மா, சந்தேகமே இல்ல. ஆனா ஒரு ஊர்ல மூணு மணி நேரத்துக்கு மேல தங்காதவனை, அங்க வாழறவன்னு எழுத எங்களுக்கு அதிகாரம் கிடையாது.” இளையவர், வேண்டுமானால் பயணி என்று ஓரத்தில் குறித்து வைக்கலாம் என்றார். அப்படியே குறித்து வைத்தார்கள்.

எழுத்தில் முடியாததைக் காலால் செய்து பார்க்க யம்னா முடிவு செய்தாள். சுற்றை மாற்றினாள். முதலில் படகு கட்டும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள், அவன் பதினைந்து வயதில் படகுகளுக்குக் கீல் பூசும் வேலை செய்த இடம். அவன் மர வாசனை நன்றாக இருக்கிறது என்றான். அவர்களின் கல்யாண ஊர்வலம் போன தெருவுக்குக் கூட்டிப்போனாள். அவன் ஒரு கதவைப் படம் பிடித்தான். பிறகொரு வாரம் எல்லோரையும் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், உள்ளூர் வீடு ஒன்றைப் பார்க்கலாம் என்று சொல்லிப் புதினாத் தேநீர் கொடுத்தாள். ஜெர்மன்காரப் பெண்கள் விரிப்புகளைப் புகழ்ந்தார்கள். புஷைப் தன் கையால் மாட்டிய ஜன்னலருகே நெடுநேரம் நின்றான்.

“இந்த வீட்டுல இருக்கறவங்க குடுத்து வெச்சவங்க, மிஸ்,” என்றான். “எந்திரிச்சா கண்ணு முன்னாடி கடல்.”

ஏழு வயது கிஸ்லான் அவன் எதிரே வந்து நின்றாள். எதுவும் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் குனிந்து பெயரைக் கேட்டான். பள்ளி பிரெஞ்சில் சொன்னாள்.

“என்ன அர்த்தம்?”

“மான் கூட்டம்.”

“அட! யார் வெச்சது?”

“எங்கப்பா.”

“ரசனையான மனுஷர். நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லு,” என்று அவள் தலையைத் தட்டிவிட்டுக் கோப்பையை வைத்தான். அவள் தலைமுடி நனைந்தது. அன்று மாலைவரை அவள் அதைத் துவட்ட விடவில்லை. அதன் பிறகு வியாழக்கிழமைகளில் நேராகப் பள்ளிக்கூடம் போய்விட்டு, பேருந்து கிளம்பிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். “போயிட்டாரா?” என்று மட்டும் கேட்பாள். போய்விட்டார் என்றால் செருப்பைக் கழற்றுவாள்.

கிஸ்லானுக்கு ஒன்பது வயதான வசந்தத்தில் யம்னா அவனை நிறுத்திவைத்தாள். ஜிலாலியிடம் மஞ்சள் குடையைக் கொடுத்து மற்றவர்களைப் பேருந்துக்கு அனுப்பினாள். அவனிடம் வீட்டில் இன்னொரு கோப்பைத் தேநீர் குடிக்கலாம் என்றாள். அவன் சந்தோஷமாக உட்கார்ந்தான். அவள் கதவைத் தாழிட்டுச் சாவியை மாவுப் பானைக்குள் போட்டாள். ஒன்றே காலுக்குப் பேருந்து ஒலி எழுப்பியது. ஒன்று இருபதுக்கு மறுபடி எழுப்பியது. அவன் எழுந்து மணியைப் பார்த்தான், இருமினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மன்னிப்புக் கேட்டுக் கைக்குட்டையை எடுத்தான். கைக்குட்டையிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. சட்டைக் கைகளிலிருந்தும் கால்சட்டை விளிம்பிலிருந்தும் அது இறங்கி, விரிப்பைத் தூக்கி மிதக்கவிட்டது. உதடுகள் நீலம் பூத்தன. காற்று நிறைந்த அந்த அறையின் நடுவே, நின்ற நிலையில், அவன் மூழ்கிக்கொண்டிருந்தான். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பற்றியபடி முகத்தை மேலே தூக்கினான். அவளைப் பார்த்தான். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தான்.

“யம்னா,” என்றான், தன் சொந்தப் பேச்சில். “யம்னா, கயிறு! கயித்தைப் போடுடி!”

அவள் எதற்காக இத்தனை வியாழன்கள் நடந்தாளோ அது கிடைத்துவிட்டது. இன்னொரு நிமிடம் விட்டிருந்தால் இன்னொரு சொல்லும் கிடைத்திருக்கும். அவள் மாவுப் பானையைக் கவிழ்த்துச் சாவியைத் தேடினாள். நனைந்த மாவு கையில் பசையாக ஒட்டியது. கதவைத் திறந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்து சந்தாக ஓடினாள். அவன் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான், ஒவ்வொரு முறையும் தண்ணீரோடு. எதிரே ஜிலாலி ஓடி வந்து அண்ணனைத் தோளில் தூக்கினான். ஹம்மு பேருந்தைக் கிளப்பாமல் படியில் நின்று, “ஏத்துங்க, ஏத்துங்க!” என்று கத்திக்கொண்டிருந்தான். படியில் கால் வைத்ததும் இருமல் நின்றது. புஷைப் மூச்சை இழுத்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு திரும்பினான்.

“மன்னிச்சிடுங்க, மிஸ்,” என்றான் பிரெஞ்சில். “வெயில் ஒத்துக்கலை போல. ரொம்ப அழகான ஊர்.”

பேருந்து போன பிறகு அண்ணியும் கொழுந்தனும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார்கள். ஜிலாலி முழுக்க நனைந்திருந்தான். “உங்க பேரைச் சொன்னானே அண்ணி,” என்றான். “என் பேரையும் ஒரு தடவை சொன்னான்.” யம்னா கையில் காய்ந்துகொண்டிருந்த மாவை உரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுடைய குழு ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கே பேருந்தருகே வந்துவிடும். நேரம் தவறாத வழிகாட்டி என்று அவளுக்குப் பெயர் வந்தது. அவனைத் தக்கவைக்க அவள் மீண்டும் முயன்றதில்லை. ஆனால் அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று நினைக்காத வியாழக்கிழமையும் இல்லை. அதிகமாக நினைத்த வாரங்களில் ஒரு மணிக்கே பேருந்துக்கு வந்துவிடுவாள்.

கிஸ்லான் படித்து, செவிலியாகி, மலைப்பக்க ஊர் ஒன்றில் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அங்கிருந்து கடல் தெரியாது. பேருந்து மூன்று முறை புதிதானது. ஹம்மு ஓய்வு பெற்றான். அடுத்து வந்தவனுக்குப் பதினான்காம் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான். மிஸ் என்று அழைத்தவன், யம்னாவுக்கு நாற்பது தாண்டியதும் ஒரு வியாழன் முதல் மேடம் என்று அழைத்தான். இன்னொரு வியாழன் முதல் அம்மா என்று அழைத்தான். அவனுக்கு அப்போதும் முப்பத்தாறு வயதுதான். வழிகாட்டிகள் சங்கம் அவளுடைய முழங்கால் வலியைக் காரணம் காட்டி உரிமத்தைத் திரும்பக் கேட்டபோது, வியாழக்கிழமை மட்டும் போதும் என்றாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சரி என்றார்கள்.

போன வியாழனன்று காற்று பலமாக இருந்தது. மற்ற பயணிகள் கோட்டைப் படிகளில் முன்னால் ஏறிவிட்டார்கள். யம்னா நான்காவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். புஷைப் இறங்கி வந்து முழங்கையை நீட்டினான்.

“பிடிச்சுக்கங்கம்மா. பார்த்து. இந்த ஊர்லயே பொறந்தீங்களா?”

“ஆமா.”

“இந்தக் கடலை இத்தனை வருஷமாப் பார்த்து அலுத்துப்போகலையா?”

யம்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சட்டை சில்லென்று இருந்தது. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பத்து ஐம்பது. “நேரமிருக்கு,” என்றாள். “மெதுவாவே ஏறுவோம்.” ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, பீரங்கிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, ஏன் பார்க்கின்றன என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே ஏறினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஆச்சரியப்பட்டான்.