ஒரே நம்பர், ஒரே ஆள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இரண்டு பட்டியல்களும் ஒன்றாகிவிட வேண்டும் என்பது செயலாளரின் உத்தரவு. குடும்பத்தில் அடிபட்ட பெண்களுக்குச் சட்ட ஆலோசனை தரும் அந்தத் தொண்டு நிறுவனத்தில் ஆதரவாளர்களுக்கு ஒரு பட்டியல், ஆலோசனைக்கு வருகிற பெண்களுக்கு இன்னொன்று என்று ஆறு வருடமாகத் தனித்தனியே இருந்தன. அறங்காவலர் ஒருவரின் பெயர் பட்டியல்களில் மூன்று இடத்தில் இருந்ததால் ஒரே கடிதம் அவருக்கு மூன்று முறை போய்விட்டது. அவர் கூட்டத்தில் தொந்தியைத் தடவிக்கொண்டே, "என்னைப் பாத்தா மூணு ஆள் மாதிரியா தெரியுது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் செயலாளரால் செரிக்க முடியவில்லை.

பட்டியல்களைப் பராமரிக்கிறவளை அலுவலகம் பட்டியலம்மா என்று கூப்பிட்டது. மரியாதைக்காக அல்ல.

"நம்பர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுன்னு அர்த்தம் இல்ல சார். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே போன் வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணா பாத்துதான் சேர்க்கணும். ரெண்டு வாரம் குடுங்க."

"ஒரே நம்பர்னா ஒரே ஆள். இதுல என்னம்மா பெரிய ஆராய்ச்சி? முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அவள் பட்டியல்களைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தினாள். தப்பு நடக்கும் என்று நன்றாகத் தெரிந்துதான் அழுத்தினாள். நாறட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று இருந்தது அவளுக்கு. யாராவது ஒரு பெரிய மனிதர் போன் போட்டுக் கத்துவார், செயலாளரின் முகம் தொங்கிப்போகும். அதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் நின்றபடி வீட்டுக்குப் போனாள். மற்றொரு பட்டியலில் இருந்த பெண்கள் அவள் நினைவுக்கே வரவில்லை.

திங்கள் காலை ஒரு பெண் துணிப்பையோடு வந்து நின்றாள். தையல் கடையில் வேலை செய்பவள். இரண்டு மாதமாகப் புதன்கிழமைகளில் ஆலோசனைக்கு வருகிறவள். கீழுதடு தடித்திருந்தது.

"சனிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு மெயில் வந்துச்சு. 'புதன்கிழமை வக்கீலைச் சந்திக்க மறக்காம வரவும்'னு. பிள்ளைங்க முன்னாடி சத்தமா படிச்சுக் காட்டினார். ரெண்டு தடவை."

பட்டியலம்மா பதிவைத் திறந்தாள். கணவன் முன்பு எப்போதோ பழைய துணிகள் கொடுத்து ஆதரவாளர் ஆனவன். வீட்டில் இருந்தது அவனுடைய போன் ஒன்றுதான். படிவத்தில் இவளும் அந்த எண்ணையே எழுதி, பக்கத்தில் 'அழைக்க வேண்டாம்' என்று குறித்து, கடைத் தோழியின் மெயிலைக் கொடுத்திருந்தாள். பழைய பதிவு புதியதை விழுங்கியிருந்தது. அவள் பெயரும் இல்லை, அந்தக் குறிப்பும் இல்லை; புதன்கிழமைச் சந்திப்பு மட்டும் அவன் மெயிலுக்கு மாறியிருந்தது.

செயலாளர் அறையிலிருந்து எழுந்து வந்தார். "கம்ப்யூட்டர்ல ஒரு சின்னத் தவறும்மா. வருத்தப்படறோம்."

"கம்ப்யூட்டரா வந்து என் வாயில அடிச்சுது?" என்றாள் தையல்காரி. "யார் பண்ணது?"

செயலாளர் பட்டியலம்மாவைப் பார்த்தார். பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

"நான்தான்," என்றாள் அவள். "தப்பு ஆகும்னு தெரியும். இவர் மேல இருந்த கோபத்துல பண்ணிட்டேன்."

"உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான்தான் கிடைச்சேனா?"

வெள்ளிக்கிழமை மதியம் எடுத்து வைத்திருந்த நகலைப் பட்டியலம்மா திறந்து, போன மெயில்களோடு ஒப்பிட்டாள். இன்னும் பதினொரு பெண்கள். பதினொரு மெயிலும் கணவன் கைக்கோ மாமனார் கைக்கோ போயிருந்தது.

செயலாளர் போனை எடுத்தார். "ஒவ்வொருத்தருக்கா சொல்லிடுவோம்."

"யார் நம்பருக்கு சார் போடுவீங்க?"

அவர் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். பட்டியலம்மா பதினொரு முகவரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு எழுந்தாள். "அலுவலக நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?" என்று அவர் கேட்டது பழக்கத்தில் வந்த கேள்வி. அவள் திரும்பவில்லை.

படியில் தையல்காரி அவளைப் பிடித்து நிறுத்தினாள். "நீ போய் நின்னா யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

"தெரியல."

"தெரிஞ்சே தப்பு பண்ணு, தெரியாமலே கதவைத் தட்டு." தாளைப் பிடுங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். "துணி தைக்க அளவெடுக்க வந்திருக்கோம்னு நான் சொல்றேன். நீ வாயத் திறக்காத. உனக்காக ஒண்ணும் வரல."

முதல் வீடு மூன்றாவது மாடியில். கதவுக்கு முன்னால் தையல்காரி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மணியை அழுத்தினாள். கதவு சங்கிலி நீளத்துக்கு மட்டும் திறந்தது. ஒரு ஆணின் பாதி முகம்.

"யாரு?"

"அளவெடுக்க வரச் சொன்னாங்க."

"இங்க யாரும் சொல்லல."

உள்ளே குழாய் நின்றது. அவன் தோளுக்குப் பின்னாலிருந்து, முழங்கை வரை சோப்பு நுரையோடு ஒரு பெண்ணின் கை நீண்டு வந்து, சங்கிலியைக் கழற்றத் தேடித் தடவியது.