மான்கறிக்கு ஒரு பை

பஷீர் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போகிறார் என்று தெரிந்த அன்றே அவருடைய வெட்டு மேசை மேல் எனக்குக் கண் விழுந்துவிட்டது. மறைப்பானேன்? கோட்டைமேட்டில் இருக்கிற எங்கள் பைக் கம்பெனியில் தைக்கிறவர்கள் பலர், வெட்டுகிறவர் ஒருவர்தான். துணியில் அளவு போட்டு, எந்தப் பை எந்த உருவத்தில் வரவேண்டும் என்று முடிவு செய்து கத்தரி வைப்பவர் அவர். அவரைத்தான் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் அவர் வெட்டிக் கொடுத்ததை மிஷினில் ஓட்டவேண்டியதுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் முஜீப்புக்கும் அந்த மேசை மேல் ஆசை இருந்தது. அவருக்கு அது கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, எப்படியும் முதலாளி மகன். எனக்குக் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஜிப் தைக்கிற சமீராதான். முதலாளி என்றால் என் மாமியார் சாஜிதா பேகம். மாமனார் மவுத்தான பிறகு முன்னறையில் உட்கார்ந்து கம்பெனியை நடத்துவது மாமிதான். குரலை உயர்த்தவே மாட்டார். நான் அப்படியே நேரெதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் வாய் சும்மா இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஜெஃபின் வந்தார். சரவணம்பட்டியில் ஆபீஸ் வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே பை தைத்து வாங்கி அனுப்புகிறவர். இந்த முறை அவர் கேட்டது வேட்டைக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொள்கிற பை. அமெரிக்காவில் ரோடே இல்லாத மலைக்காட்டுக்குள் நாள்கணக்கில் நடப்பார்களாம். மானைச் சுட்டால் அங்கேயே அறுத்து, கறியை முதுகில் சுமந்துகொண்டு இறங்குவார்களாம். இங்கே ஆனைகட்டிப் பக்கம் ஒரு முயலைப் பிடித்தாலே ஃபாரஸ்ட்காரர்கள் உள்ளே தள்ளிவிடுவார்கள், அங்கே அதற்கு லைசென்ஸ் கொடுக்கிறார்களாம். மாமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தத் துரை சுடுவதற்கு முன்னால் அல்லாஹ் பேரைச் சொல்லி பிஸ்மி ஓதுவாரா என்று விசாரித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜெஃபின், கேட்டுச் சொல்கிறேன் என்று சிரிக்காமல் பதில் சொன்னார்.

நிபந்தனை ஒன்றுதான். பை கனக்கக் கூடாது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு பட்டையும் கனம்தான். அதனால் எல்லாம் இருக்கட்டும் என்று அள்ளிப் போட முடியாது. எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்களே யோசித்து ஒரு சாம்பிள் கொடுங்கள், பிடித்துப்போனால் பெரிய ஆர்டர் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு பை வெட்டுங்கள், எது நல்லதோ அது ஜெஃபினுக்குப் போகும், அதை வெட்டியவருக்கு மேசை என்றார். எனக்குக் காது குளிர்ந்தது.

முஜீப் பள்ளிக்கூடப் பை தைத்தே வளர்ந்தவர். பை என்றால் அவருக்குப் பாக்கெட். கத்திக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, பைனாகுலருக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, கேட்டால் டிபன் பாக்ஸுக்கும் ஒன்று. எல்லாவற்றுக்கும் டர்ர் என்று பிரிகிற வெல்க்ரோ வேறு. மானுக்குக் காது எவ்வளவு கூர்மை தெரியுமா, நீங்கள் டார்ச்சை எடுப்பதற்குள் அது வாளையாறு தாண்டிக் கேரளாவுக்கே போய்விடும் என்றேன். அந்த ஊர் மானுக்குக் கேரளாவுக்கு வழி தெரியாது என்றார் மனுஷன்.

நான் சத்தத்திலிருந்து ஆரம்பித்தேன். ராஜ வீதியில் துணிக்கடை துணிக்கடையாக ஏறி, ஒவ்வொரு துணியையும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கிப் பார்த்தேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும். கடைசியில் கசக்கினாலும் மூச்சு விடாத துணி ஒன்று கிடைத்தது. முதுகை ஒட்டி இரண்டு அலுமினியப் பட்டை வைத்த சட்டம், பாரத்தை இடுப்பில் இறக்க அகலமான இடுப்புப் பட்டை, பக்கவாட்டில் துப்பாக்கிக்கு நீள உறை. பையைச் சட்டத்தோடு நான்கு மூலையில் கிளிப் போட்டு மாட்டினேன். வெல்க்ரோ ஒரு விரல் அகலம்கூட வைக்கவில்லை.

அப்புறம் கறி. கறி என்றதும் என் கை தானாக மூன்று அறை வெட்டிவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பக்ரீத் குர்பானிக் கறியை மூன்று பங்கு போட்டுத்தானே நாங்கள் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. பக்கம் பக்கமாக, ஒரே அளவில், உள்ளே கழுவக்கூடிய துணி வைத்து மூன்று அறை. முஜீப் அதைப் பார்த்து, அட, இது நமக்குத் தோணவில்லையே என்று தலையைச் சொறிந்தார். மாமியும் எடுத்துப் பார்த்து ஒன்றும் குறை சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சுமக்கிறார்கள் என்று யூடியூபில் ஒரு வீடியோ பார்க்கத்தான் பார்த்தேன். ஆனால் அந்த மான் திரும்பி நின்று கேமராவைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, நிறுத்திவிட்டேன். வருஷா வருஷம் ஆடு அறுக்கும்போது பக்கத்தில் நின்று சட்டி பிடிக்கிறவள் நான். முஜீப் இதை வைத்து இரண்டு நாள் என்னை ஓட்டினார்.

பக்ரீத் வந்தது. தொழுகை முடிந்து, அறுத்து, பங்கு போட்டு முடித்ததும் மாமி எங்கள் இரண்டு பைகளையும் நடுவீட்டில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். கறி கொடுக்க ஸ்கூட்டர் வேண்டாம், இருவரும் ஆளுக்குப் பாதியை இதில் போட்டுக்கொண்டு கரும்புக்கடை வரைக்கும் நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். என் மூன்றாவது அறையில் வீட்டுப் பங்கையும் வைக்கச் சொன்னதும், வீட்டில் இருக்கவேண்டியது எதற்கு என்று கேட்டேன்.

"அதுவும் ஏறட்டும் கண்ணு. சும்மா ஊர் பாத்துப்போட்டு வரட்டும்."

பெருநாள் உடுப்பில், முதுகில் மூட்டையோடு புருஷனும் பெண்டாட்டியும் தெருவில் இறங்கினால் ஊர் சும்மா விடுமா? ஏனுங்க, நடந்தே ஹஜ்ஜுக்குக் கிளம்பிட்டீங்களா என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார். முஜீப் எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டே வந்தார். அவருடைய பையில் பாக்கெட்டுக்கே இடம் போய்விட்டதால் கறி முழுக்க அடியில் கிடந்து பையைக் கீழே இழுத்தது. தோள்பட்டை அறுக்கிறது என்று உக்கடம் தாண்டுவதற்குள் முனக ஆரம்பித்தார். அவருடைய தாய்மாமா ரசாக் வீட்டு வாசலில் அவர் திரும்பி நின்றதும் உள்ளேயிருந்து மாமா பதறிக்கொண்டு ஓடிவந்தார். கறி கட்டியிருந்த பிளாஸ்டிக் கவர் கிழிந்து, புது வெள்ளை ஜிப்பாவின் முதுகெல்லாம் ரத்தம். யார் குத்தினார்கள் என்று கேட்டார் பாவம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. இடது பக்க அறை சொந்தக்காரர்கள் பங்கு. அவர்கள் வீடுகள்தான் வழியில் முதலில் வருகிறவை. ஒவ்வொரு வீடாகக் கொடுக்கக் கொடுக்க இடது பக்கம் காலியாகி, வலது பக்கம் என்னைச் சாய்த்தது. நேராக நடக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முஜீப் பின்னாலிருந்து, சமீரா, கொஞ்சம் இந்தப் பக்கம் வா, சாக்கடைக்குள் போகிறாய் என்றார். இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலி உயிர் போனது. கரும்புக்கடை முனையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வலிக்காக இல்லை. மேசை போயிற்று என்றுதான்.

முஜீப் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பாவம், அவர் அப்போது கேலி செய்யவில்லை. எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது, அந்தப் பை மேலேயே. மூன்று அறையிலிருந்தும் எல்லாக் கவரையும் வெளியே எடுத்தேன். மேலே மூடக் கொண்டுவந்திருந்த காடாத் துணியில் மொத்தத்தையும் போட்டு ஒரே மூட்டையாக இறுக்கிக் கட்டினேன். பையின் கிளிப்புகளைத் தளர்த்தி, சட்டத்துக்கும் பைக்கும் நடுவில், முதுகை ஒட்டினாற்போல் அந்த மூட்டையைச் செருகி, பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். நிஜமாகவே பாதி கனம் குறைந்த மாதிரி இருந்தது. நாலு எட்டு நடந்து பார்த்தேன், திரும்பி நடந்து பார்த்தேன். சாயவில்லை, இழுக்கவில்லை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காட்டில் ஒற்றையாளாக நிற்கிறவர் யாருக்குப் பங்கு போடப் போகிறார்? பங்கு போடுவதெல்லாம் வீடு வந்து சேர்ந்த பிறகு. மலையிலிருந்து இறங்குகிற வரைக்கும் எல்லாம் ஒரே பாரம்தான். மீதிக் கறியைக் கொடுக்கவேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுப் பங்கை ஊர் சுற்றிக் காட்டி முடித்து, ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். வீடு நிறைய விருந்தாளிகள் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நேராக வீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பெனிக்குப் போய் மூன்று அறையையும் பிரித்துப் போட்டேன். சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் கறியைத் தாங்க அடியில் தட்டு மாதிரி ஒரு கெட்டித் துணி, இழுத்துக் கட்ட நான்கு பட்டை, கறியைச் சுற்றக் காற்றுப் போகிற பருத்தித் துணியில் ஒரு உறை, அவ்வளவுதான். பெருநாள் அன்று மிஷினில் உட்கார்ந்ததற்கு மாமி திட்டுவார் என்று நினைத்தேன். பிரியாணித் தட்டுதான் வந்தது.

லீவு முடிந்து ஜெஃபின் வந்தார். மாமி இரண்டு பைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முஜீப் தன் பையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதை எதற்கு இங்கே வைத்தீர்கள் என்று தானே சிரித்தார். மாமி என்னுடையதை எடுத்து ஜெஃபின் முன்னால் வைத்தார்.

"இதுதானுங்க. எங்க முஜீப் வெட்டுனது."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற மாதிரி. காதிலிருந்து கழுத்து வரை எனக்குச் சூடு ஏறியது. முஜீப், அம்மா... என்று இழுத்தார். நல்ல மனுஷன்தான், அடுத்த வார்த்தையும் சொல்லியிருப்பார். ஆனால் அவர் இழுத்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்க எனக்குத் தெரியாது.

"நான் வெட்டுனதுங்க," என்றேன். "என்ற முதுகுல போட்டு நடந்து பாத்து நான் வெட்டுனது."

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜெஃபின் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கேள்விகளை என்னிடம் கேட்க ஆரம்பித்தார். இந்தத் தட்டு எதற்கு, பட்டை ஏன் இவ்வளவு மேலே, துணி ஏன் இது. எல்லாவற்றுக்கும் சொன்னேன். மூன்று அறை வைத்த கதையையும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஊர்க்காரர்கள் கறியைத் துண்டு போடுவதில்லையாம், மானின் தொடையை முழுசாகத்தான் கட்டுவார்களாம், என் மூன்று அறைக்குள் ஒரு தொடைகூடப் போயிருக்காதாம். அங்கே ஆளுயரம் அதிகம், அதனால் சட்டத்தை மட்டும் நீளமாக வைத்து இன்னொன்று வெட்டிக் கொடுங்கள் என்று என்னைப் பார்த்தே சொல்லிவிட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசல் படியிறங்கிப் போனார்.

நான் மாமி பக்கம் திரும்பினேன். மாமியார் சொன்னதை வெளியாள் முன்னால் பொய்யாக்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் பேசினேன். திட்டினால் திருப்பிச் சொல்ல நாலு வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மாமி திட்டவில்லை. தன் கையைப் பார்த்தார்.

"உங்க மாமா கைவேலைன்னு ஊரே சொல்லுச்சே, அத்தனை பையும் வெட்டுனது நான்தான் கண்ணு," என்றார். "வெட்டி வெச்சுப்போட்டு, வாரவங்ககிட்ட அவரு பேரைச் சொல்லிப்போடுவேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. இன்னைக்கு உன்ற பேரையும் முழுங்கிப்போட்டேன்."

பெற்ற மகனுக்கே தெரியாத சங்கதி. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஒரு நாளும் உன்னாட்டம் சொன்னதில்ல, அம்மணி."

மேசை உன்னுது, போய் வேலையைப் பார் என்று சேர்த்துச் சொன்னார். நான் போனேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட மேசை. துணியை விரித்தேன். ஒரு ஆள் விரித்தால் மறுமுனை சுருங்கிச் சுருங்கி வருகிற அளவுக்கு நீளம் அது. முன்னறையில் மாமி தனியாக உட்கார்ந்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"மாமி," என்றேன். "மேசை பெரிசுதானுங்க. அந்தப் பக்கம் நீங்க நில்லுங்க."

அவர் உடனே எழவில்லை. பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, துணியின் மறுமுனையைப் பிடித்தார்.