பின்பக்கச் சுவர்

விழா தொடங்கும் முன்பே அந்தக் கல்லைப் பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாதுதான். தலைமை ஆசிரியை யாரையோ வரவேற்கப் போன நேரத்தில், மேடையில் தொங்கிய திரையின் ஓரத்தைத் தூக்கினேன். வழவழப்பான கறுப்புக் கல், தங்க எழுத்து. ‘உலகப் போரில் தொண்டாற்ற இப்பள்ளி பெருமையுடன் அனுப்பிவைத்த மாணவியர்.’ கீழே மூன்று பெயர்கள். நெட்டை, வாத்து, கடைசியில் நான். கல்லில் முழுப்பெயர்தான், ஆனால் எங்களுக்குள் அவற்றைச் சொல்லிப் பழக்கமில்லை. என்னைப் பட்டாசு என்பார்கள். அறுபதைத் தாண்டியும் நமத்துப்போகவில்லை.

“அனுப்பிவெச்சாங்களாம்டி,” என்றேன் பக்கத்தில் நின்ற வாத்திடம்.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். “இப்பவாவது பேரைப் போட்டாங்களே. வந்த இடத்துல வம்பு வளக்காதே.” வாத்து எப்போதும் இப்படித்தான். குண்டு விழுகிற சாலையில் ஆம்புலன்ஸ் ஓட்டியபோதுகூட ஹாரன் அடிக்கக் கூச்சப்பட்டவள்.

அனுப்பிவைத்த லட்சணத்தைக் கேளுங்கள். காயம்பட்டவர்களை ஏற்றிப்போகப் பெண் ஓட்டுநர்கள் வேண்டும், தெரியாதவர்களுக்குக் கற்றுத் தருவோம் என்று அறிவிப்பு வந்தது. நாங்கள் மூவரும் விடுதியில் ஒரே அறை. அனுமதி கேட்டு அப்போதைய தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றோம். ஆண்களோடு லாரியில் சுற்றுகிறவள் இந்தப் பள்ளியில் படித்தாள் என்றே வெளியே தெரியக் கூடாது என்றார். அன்று மாலையே வாசல் கேட்டுக்குப் பூட்டு. மறுநாள் விடிந்தும் விடியாமலும் பின்பக்கச் சுவருக்குப் போனோம். நெட்டை சுவரில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள். அவள் முதுகில் கால் வைத்து முதலில் நான் ஏறினேன், பிறகு வாத்து. நெட்டைக்கு யார் முதுகும் வேண்டியிருக்கவில்லை, கையை நீட்டினாலே சுவர் உச்சி எட்டிவிடும். அவளும் ஏறி வந்து, பயந்து உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து, “குதிங்கடி மகாராணிகளா,” என்றாள்.

அடுத்த வருஷம் அவள் வண்டிமேல் குண்டு விழுந்தது. அவளும் போனாள், பின்னால் படுத்திருந்தவர்களும் போனார்கள்.

போர் முடிந்து நாங்கள் இருவரும் திரும்பியபோது, பக்கத்து ஆண்கள் பள்ளியில் போரில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்களைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார்கள். அவ்வளவு செய்தால் போதும் என்று இருந்தது நெட்டையின் அம்மாவுக்கு. தன் மகள் பெயரையும் ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். அதே தலைமை ஆசிரியை உட்காரக்கூடச் சொல்லவில்லை. “அந்தப் பேர்ல எங்க பள்ளிக்கூடத்துல யாரும் படிக்கல,” என்றார். பெற்ற வயிறு எரியாதா? ஊர் ஏற்கனவே, எவனோடோ ஓடிப்போனவள் என்று கதை கட்டியிருந்தது. “படிக்காமலா வருஷா வருஷம் சீருடை தெச்சுக் குடுத்தேன்?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் அந்த அம்மா. சாகும்வரை அதையேதான் கேட்டார்.

இப்போதைய தலைமை ஆசிரியை மேடைக்குத் திரும்பி வந்தாள். நல்ல பெண், என் மகள் வயது. திரையின் கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

“நான் இழுக்க மாட்டேன்.”

“என்னம்மா, எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. அனுப்பினோம்னு போட்டா உங்களுக்கும் கௌரவம்தானே?”

“கேட்டைப் பூட்டினீங்க, அதைப் போடுங்க. பெத்தவ மூஞ்சிக்கு நேரா யாரும் படிக்கலன்னீங்க, அதையும் போடுங்க.”

“அது நான் இல்லையேம்மா.”

“நாற்காலி அதேதானே?”

வாத்து என் கையைக் கிள்ளினாள். நான் மைக் பக்கம் போனேன். வரிசை வரிசையாக மாணவிகள், முன்னால் நிர்வாகக் குழுவினர். “இந்தக் கல்லு பொய் சொல்லுது. எங்களை யாரும் அனுப்பல. நாங்க போன வழியைப் பாக்கணும்னா எங்கூட வாங்க,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி நடந்தேன். முழங்கால் வலித்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வீம்பாக நடந்தேன். முதலில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு ஹாலே கிளம்பி வந்தது.

சுவர் அப்படியே இருந்தது, வெள்ளை மட்டும் புதிது.

“இதுலயா ஏறினீங்க?” என்றாள் தலைமை ஆசிரியை, மூச்சு வாங்க.

“கல்லை இங்க கொண்டுவந்து வைங்க. பூட்டினோம், ஏறிப் போனாங்கன்னு வெட்டி வைங்க. அன்னிக்கு வந்து கயித்தை இழுக்கறேன்.”

“குழு ஒத்துக்காதும்மா.”

கூட்டத்தில் ஒருத்தி, “சும்மா சொல்றாங்க, இதுல எப்படி ஏற முடியும்?” என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாத்து என்னைத் தாண்டிப் போனாள். கண்ணாடியைக் கழற்றித் தலைமை ஆசிரியையின் கையில் கொடுத்தாள். செருப்பை விட்டாள். நெட்டை நின்ற இடத்தில் நின்று, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக் குனிந்தாள்.

“ஏய், இடுப்பு போயிடும். வேணாம்டி.”

“ஏறுடி,” என்றாள் வாத்து. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. “உச்சியில உக்காந்து அவ பேரைச் சொல்லு. இந்தப் பள்ளிக்கூடம் பூரா கேக்கட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன். ஒரு காலைத் தூக்கியதும் உடம்பு ஆடியது. பிடித்துக்கொள்ள எதையோ தேடிய கைக்குத் தலைமை ஆசிரியையின் தோள் கிடைத்தது. வாத்தின் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, அவள் அந்தத் தோளை நகர்த்தாமல் நின்றாள்.