ரேகை காயும் வரை

வந்தவள் கையில் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்றுதான் அம்பிகா முதலில் பார்த்தாள். இல்லை. தோளில் ஒரு பை, அதற்குள் காகிதங்கள், அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏரிச் சேற்றில் இறால் தடவிவிட்டு அம்பிகா அப்போதுதான் கரையேறியிருந்தாள். வாசலில் மஞ்சள் துணி சுற்றிய சொம்பு தயாராக இருந்தது. புருஷன் வேணு படகுக்கு டீசல் ஊற்றப் போயிருந்தான். ஐஸ் பெட்டியில் வருவதை வாங்கிச் சொம்பில் போட்டு, முகத்துவாரத்தில் கரைத்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்புவதாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள்.

மகள் காவியா போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒன்பது வயதில் படியேற முடியாமல் போன பெண், பத்தொன்பதில் மூச்சு விடவும் முடியாமல் போய்விட்டாள். பதினாறு வயதில் சென்னை ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் கைத்தோலில் மிளகளவு கிள்ளி எடுத்தார்கள். அம்பிகாதான் கைநாட்டு வைத்தாள். அதை மறந்தும் போனாள். போன வாரம் அங்கிருந்து கலைவாணி என்றொரு பெண் போன் செய்து, காவியாவின் தோல் செல் ஐஸைவிடப் பல மடங்கு குளிரில் பத்திரமாக இருக்கிறது, அதை என்ன செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், நேரில் வருகிறேன் என்றாள்.

ஏரிக்கரைக்காரிக்கு ஐஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். உயிர் நண்டை யாரும் ஐஸில் போடமாட்டார்கள். காலைக் கட்டி ஈரச் சாக்கில் சுற்றுவார்கள். ஐஸுக்குப் போனால் அது செத்த சரக்கு. பிள்ளையின் சதையை இத்தனை நாள் ஐஸில் போட்டு வைத்திருக்கிறார்களே என்று அம்பிகாவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. இந்த மிச்சம் கரையாததால்தான் பிள்ளை கனவில் வந்து நிற்கிறது என்று வேணு அடித்துச் சொன்னான்.

கலைவாணி நல்ல மாதிரியாகத்தான் இருந்தாள். மீன் வாடைக்கு மூக்கைச் சுளிக்கவில்லை. சேற்றுக் காலோடு நின்ற அம்பிகாவை உட்காரச் சொன்னாள், அம்பிகாவின் வீட்டிலேயே. சொம்பைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"அது செத்துப்போகலக்கா. குளிர்ல தூங்குது. எழுப்பினா வளரும்."

போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். கிள்ளின தோலிலிருந்து வளர்த்த செல்லைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து இதயத்துச் செல்லை உண்டாக்கியிருந்தார்களாம். மங்கலான வட்டத்துக்குள் என்னவோ ஒன்று சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. அம்பிகா வாயைப் பொத்திக்கொண்டாள். இறால் தடவுகையில் கலங்கல் தண்ணீரில் கண் தெரியாது, உள்ளங்கைக்குக் கீழே சேறு ஒருமுறை துடிக்கும், அதை வைத்துத்தான் உயிர் என்று தெரியும். முப்பது வருஷமாக அந்தத் துடிப்பில்தான் அவள் பிழைப்பு.

"எம் பொண்ணா அது?"

"காவியா இல்லக்கா. அவ செல்லு. அந்த நோயோடவே இருக்கிற செல்லு. அதனாலதான் மருந்து தேடறவங்களுக்கு வேணும்."

செல் வங்கியில் வைத்தால் வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள்கூடக் கேட்டு வாங்குவார்கள். போனது போனதுதான், பிறகு திருப்பிக் கேட்க முடியாது. பணம் கிடையாது. காவியா என்ற பெயரும் இருக்காது, ஒரு நம்பர்தான். மருந்து கிடைக்குமா என்றால் அதுவும் தெரியாது. எதையும் மறைக்காமல் கலைவாணி சொன்னாள். வேண்டாமென்றால் அழித்துவிடுவோம், அதுவும் உங்கள் உரிமை என்றாள்.

"எப்டி அழிப்பீங்க?"

"குளிர்லேர்ந்து வெளிய எடுத்து மருந்து ஊத்திடுவோம். தானா அடங்கிடும்."

அம்பிகா மறுபடி போனை வாங்கிப் பார்த்தாள். அடங்குவதை அவள் ஒருமுறை பார்த்தாயிற்று. மடியில் தலையை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க.

மைப்பெட்டியைத் திறக்கச் சொன்னாள். வைத்த கைநாட்டு ரேகை தெரியாமல் வெறும் கறுப்புப் பூச்சாக விழுந்தது. மூன்று மணி நேரம் உப்புத்தண்ணீரில் ஊறின விரல், ரேஷன் கடை மெஷினே பல தடவை விரட்டியடித்த விரல். இன்னொரு காகிதம் இருக்கிறது, விரல் காயட்டும் என்று கலைவாணி காத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து வேணு வந்தான். சொம்பைத் தூக்கிப் பார்த்தான். காலி.

"இன்னா, குட்த்தாங்களா இல்லியா?"

"அது உயிரோட கீது" என்றாள் அம்பிகா. போனை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் நின்றபடி பார்த்தான். பிறகு குந்திப் பார்த்தான். முடிந்ததும், இன்னொருக்கா போடும்மா என்று கலைவாணியிடம் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. பெண்டாட்டி கையில் மை இருந்ததையும், முழங்கால்மேல் அவள் அதை வெயிலுக்கு விரித்து வைத்திருந்ததையும் அப்புறம்தான் கவனித்தான். படகு கட்டின பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அவள் கட்டைவிரலை மெல்ல ஒற்றித் துடைத்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்த தோலில் ஊதினான்.