சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரூம்

குடிசன மதிப்பீட்டுக்கு ஆள் போட்டபோது, தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்தின் கீழ் டிவிசனைப் பிரதீபன் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறந்து வளர்ந்த இடம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயங்களில் எந்த நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பது வரை தெரியும். தன்னை விட்டால் இதைச் சரியாகக் கணக்கெடுக்க வேறு ஆளில்லை என்று அலுவலகம் நினைத்ததோ என்னவோ, அவன் நினைத்தான். கழுத்தில் அட்டையும் கையில் விவரம் பதியும் டெப்புமாக வீடு வீடாக ஏறி, கொடுத்த தேத்தண்ணியை எல்லாம் மறுக்காமல் குடித்து, வயிறு ஊதிப் போய் வேலையை முடித்தான்.

மேற்பார்வையாளர் ஜாபிர் கூப்பிட்டார். பாராட்டத்தான் என்று பிரதீபன் தலையைக்கூடச் சீவிக்கொண்டு போனான்.

"பிரதீபன், இது லயமா, ஹோட்டலா?"

"ஏன் சேர்?"

"எல்லா வீட்டுக்கும் மூணு படுக்கையறை போட்டிருக்கீங்க. ஆளை அறையால வகுத்துத்தானே நெருக்கடியைப் பார்க்கிறோம்? உங்க கணக்குப்படி அங்க எல்லாரும் வசதியா கால் நீட்டிப் படுக்கிறாங்க."

"மூணு ரூம் இருக்கு சேர். காம்பராவுக்கு நடுவுல ரெண்டு சேலை கட்டியிருப்பாங்க. அதுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அந்தப் பக்கம்..."

சொல்லிக்கொண்டு போகும்போதே, சேலையைச் சுவராக எண்ணிவிட்ட கூத்து அவன் காதிலேயே விழுந்துவிட்டது. ஜாபிர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அவன் மேல் பிழை சொல்லவும் முடியாது. லயத்து வீடென்றால் காம்பரா என்ற அந்த ஒற்றை அறைதான்; அதில் சேலைக்கு அந்தப் பக்கம் போவதென்றால் ஒரு தடவை இருமிவிட்டுத்தான் போக வேண்டும். பெற்ற தகப்பனே ஆனாலும் இருமல்தான் கதவைத் தட்டுவது. அப்படி இருமி இருமியே வளர்ந்தவனுக்குச் சேலை சுவராகத்தான் தெரியும். பட்டப்படிப்பு, அரசாங்க உத்தியோகம், டவுனில் ஐந்து ரூமோடு மாடி வீடு என்று எல்லாம் வந்த பிறகும், அந்தச் சேலை மட்டும் அவன் மண்டைக்குள் சீமெந்து பூசிய சுவராகவே நின்றிருக்கிறது. தன் அறிவை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

திருத்திக்கொண்டு வரச் சொல்லி ஜாபிர் அனுப்பிவிட்டார். மற்ற வீடுகளில் சிரித்துவிட்டு விட்டார்கள். மாட்டிக்கொண்டது அண்ணன் வீட்டில். அங்கே ஏழு பேர். அண்ணி இருளாயி ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து கைகழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ரூம் ஒண்ணுன்னு மாத்தணும்."

"எது ஒண்ணு? மூணாவது ரூம்ல ஷாமிளா படிக்குது, கண்ணு தெரியலயா? நீங்களும் அதே எடத்துல குந்திப் படிச்சுத்தான தம்பி ஆபீசரானீங்க? அன்னைக்கு ரூமா இருந்துச்சு, இன்னைக்கு இல்லாமப் போச்சா?"

சேலைக்கு அந்தப் பக்கம் ஷாமிளா பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். உயர்தரப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதப் போகிறவள். நடு ரூமில் அவளுடைய அண்ணனின் குழந்தை வீறிட்டு அழுதது. குழந்தை குரலைக் கூட்ட, அவளும் கூட்டினாள். போன முறை அவள் கோட்டை விட்டது ஏன் என்று அறிய டெப் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிரதீபன் அண்ணியை மடக்கப் பார்த்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, ரூம் கொறைஞ்சு ஆளு கூட இருந்தாத்தான் நெருக்கடின்னு தெரியும். நெருக்கடின்னு தெரிஞ்சாத்தான் வீட்டுத் திட்டம் வர்றப்ப நம்ம பேரு முன்னுக்கு வரும்."

இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பயிற்சி வகுப்பில் இல்லை, கையேட்டில் இல்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது, சொல்லிவிட்டான். சொன்னதும் தனக்கே அது உண்மை மாதிரிப் பட்டது. இருளாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏழு பேரு, ஒரு ரூமு. அப்பத்தான் வீடு வருமா?"

"அப்படித்தான் அண்ணி."

"சரி, எழுதுங்க."

எழுதினான். எழுதி முடித்ததும் தன் வீடு நினைவுக்கு வந்தது. அங்கே அவனும் மனைவி நிரோஷாவும் மட்டும். மகன் கட்டாரில். மாடியில் ஒரு ரூமில் மாவுச் சல்லடையும் பழைய மின்விசிறியும், ஒன்றில் கலியாணத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள், ஒன்றில் யாராவது வந்தால் தங்க வேண்டுமே என்று போட்ட கட்டில். யாரும் வரவில்லை. அந்த வீட்டைக் கணக்கெடுக்க வந்த பெண் ஐந்து ரூம், இரண்டு பேர் என்று பதிந்தபோது இவன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினான். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"அண்ணி, ஷாமிளா பரீட்சை முடியிற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும். மாடியில தனி ரூம். கதவு, பூட்டு எல்லாம் இருக்கு."

சேலைக்கு அந்தப் பக்கம் படிப்புச் சத்தம் நின்றது. இருமாமலேயே வெளியே வந்து நின்றாள் ஷாமிளா. இவ்வளவு பெரிய சிரிப்பை அந்தப் பிள்ளை முகத்தில் அவன் பார்த்ததே இல்லை. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை த்ரீவீலோடு வந்து இறங்கினான். ஷாமிளா புத்தகப் பையும் துணிப் பையுமாக இஸ்தோப்புத் திண்ணையில் தயாராக நின்றாள். வாசலை மறித்துக்கொண்டு இருளாயி நின்றாள்.

"புள்ள வராது தம்பி."

"ஏன் அண்ணி?"

"ஏழு பேருன்னு எழுதியிருக்கீங்க. இவ ஒங்ககூட வந்துட்டா ஆறு. திடீர்னு யாராச்சும் வந்து தலையை எண்ணுனா நெருக்கடி கொறைஞ்சிரும். வீடு வர்ற வரைக்கும் ஒருத்தரும் எங்கயும் நகரப்படாது."

"ஐயோ, அது முடிஞ்சு போச்சு அண்ணி. இனி யாரும் எண்ண மாட்டாங்க. அது மட்டுமில்ல, வீடு வருங்கிறது நானா சும்மா..."

"நீங்கதான மொதல்ல மூணு ரூமுன்னு எழுதுனீங்க? பொறகு ஒண்ணுன்னு மாத்துனீங்க. இப்ப வீடே சும்மாங்கிறீங்க. ஒங்க பேச்சை நம்பி நான் வீட்டை விட முடியுமா?"

ஷாமிளா அம்மாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அழவில்லை, அழுதிருந்தால் இவனுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

த்ரீவீலில் ஏறப் போகும்போது ஃபோன் அடித்தது. நிரோஷா.

"ஏங்க, புள்ளைக்குத் தலவாணி ஒண்ணு போதுமா, ரெண்டு வைக்கவா? ரூமைக் கூட்டித் துடைச்சு மேசையும் போட்டுட்டேன்."

"தலவாணிய திரும்ப உள்ள வச்சிரு நிரோஷா," என்றான் பிரதீபன். "புள்ளைய நானே வராம பண்ணிட்டேன்."