பதினோராம் மாதம்

அமுதவல்லி மலேசியாவில், ஈப்போ பக்கம் பிறந்தவள். அங்கே வேலைக்கு வந்த கோபாலைக் கட்டிக்கொண்டு, காவலூரைத் தாண்டி இருக்கும் அவனுடைய மலைக் கிராமத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சாமை இடிக்கக் கற்றாள், புளி உலுக்கக் கற்றாள், காவியாவைப் பெற்றாள். ஆனாலும் வருஷா வருஷம் விசாவை நீட்டிக்கச் சொல்லி மனுப்போட வேண்டும். ஒரு வருஷம் முடியாது என்றுவிட்டால் மகளை விட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் பயம் தீர வேண்டுமானால் இந்தியக் குடியுரிமை வேண்டும். அதற்கு, பன்னிரண்டு மாதம் நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். கால் வைக்காமல் இருந்தாள்.

பதினோராம் மாதம் ஈப்போவிலிருந்து தம்பி குணசீலன் கூப்பிட்டான்.

"அக்கா, அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருது. வந்தா உன் பேரைத்தான் சொல்லுது. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"இன்னும் ஒரே மாசம்டா. பொறுத்துக்கச் சொல்லு."

"யாரை? எமனையா?"

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று, அமுதவல்லி போனில் சாவைப் பார்த்தாள். பாடையைத் தூக்கும்போது படம் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு தம்பி போனை எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் மாதம் முடிந்ததும், ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முனியன் கடிதம் கொடுத்தார். 'இந்த அம்மாள் பன்னிரண்டு வருடமாக எங்கும் போகாமல் எங்கள் ஊரிலேயே வசிக்கிறார்.' அவர் பொய் எழுதவில்லை. ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கு ஒரு படி சாமை போடுவது அங்கே வழக்கம். வெளியூர் போனவர்களுக்கும் வீட்டார் போட்டுவிடுவார்கள். செத்தவர்களுக்கு மட்டும்தான் நிறுத்துவார்கள். அமுதவல்லியின் படி ஒரு வருஷமும் தவறியதில்லை. அப்படியென்றால் அவள் ஊரில் இருந்தாள்.

கலெக்டர் ஆபீசில் குடியுரிமை மனுவை வாங்கிய சசிகலா என்ற அம்மாள், கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"2019 டிசம்பர்ல போய், 2022 ஏப்ரல்லதான் திரும்பி வந்திருக்கீங்க. எங்கும் போகலன்னு எழுதியிருக்கே, இது இன்னாம்மா?"

"எங்கப்பா வாதத்துல படுத்து, போய்ச் சேந்துட்டாருங்க. அப்புறம் கொரோனா. ஃபிளைட்டே விடல."

"பொங்கலுக்குச் சாமை போட்டுட்டோம் மேடம்," என்றான் கோபால். "ஊர்ல இருந்த மாதிரிதான்."

பக்கத்து மேஜையில் ஒருவர் சிரித்தார். "அப்போ பாஸ்போர்ட்டுக்கும் ரெண்டு படி போட்டிருக்கலாமேப்பா."

சசிகலா சிரிக்கவில்லை. "கடைசி பன்னெண்டு மாசம் மட்டும் பத்தாதும்மா. அதுக்கு முந்தின எட்டு வருஷத்துல ஆறு வருஷம் இங்க இருந்திருக்கணும். உங்களுக்கு நாலு மாசம் குறையுது. அந்த நாலு மாசம் கணக்கை விட்டுத் தள்ளிப்போய் நீங்க மனு போட 2029 ஆயிடும். அதுக்கு முந்தின ஒரு வருஷம் மறுபடியும் எங்கயும் போகாம இருந்து காட்டணும்."

"இந்த ஒரு வருஷம்?"

"இது கணக்குல வராது." கொஞ்சம் தயங்கி, "ஆனா எங்கயும் போகாமயேவா இருந்தீங்க? சாவு, வாழ்வுன்னா முப்பது நாள் வரைக்கும் விலக்கு கேக்கலாமே. காரணத்தை எழுதிக் கொடுத்தா பார்ப்பாங்க," என்றாள்.

அமுதவல்லி தலையாட்டினாள். புரிந்தது என்பதற்குத்தான்.

பஸ் மலையேறும்போது கோபால் மெல்லச் சொன்னான். "இனிமே நீ எப்போ வேணா ஊருக்குப் போய்ட்டு வரலாம் அமுதா. தடையில்ல."

"யாரைப் பாக்கறதுக்குங்க?"



வீட்டில், இந்த வருஷத்து விசா மனுவை எடுத்து எழுத உட்கார்ந்தாள். சொந்த நாட்டில் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் பேனா நின்றது. பன்னிரண்டு வருஷமாக அங்கே யோசிக்காமலே எழுதி வந்தது அம்மாவின் பெயர்.

"தம்பி பேரப் போடேன்," என்றான் கோபால்.

"அவன்தான் எடுக்கறதில்லீங்களே."

"எடுக்கலன்னா இன்னா, காலியா விட்டா வாங்கமாட்டாங்களே."

குணசீலன் என்று எழுதி, அவன் நம்பரை ஒவ்வோர் எண்ணாக எழுதி முடித்தாள்.