தம்பியின் இலை

கதிரவனுக்குப் படிப்பு ஒரு வியாதி. தேவகோட்டையில் இயற்பியல் நடத்துகிற வாத்தியார், இயற்பியலோடு நின்றிருக்கலாம். அவன் நிற்கவில்லை. மூளை, அணு, ஆன்மா, பௌத்தத் தர்க்கம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் படித்தான். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. மனைவி மஹாலட்சுமி முதல் வருஷம் காது கொடுத்தாள். இரண்டாம் வருஷம் உம் கொட்டினாள். மூன்றாம் வருஷம், "நான்னு ஒருத்தன் இல்லவே இல்லைன்னு சொல்லுறீக. அப்ப தெனம் மூணு வேளை யாருக்குப் பொங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன்?" என்று கேட்டு அந்தக் கதவைச் சாத்திவிட்டாள்.

மிச்சம் இருந்த ஒரே ஆள் தம்பி முகேஷ். அண்ணனைவிட ஒன்பது வயது இளையவன், கல்யாணமாகாதவன். பள்ளத்தூரில் பெரிய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே வரவேற்பில் வேலை. தங்க வருகிற வெள்ளைக்காரர்கள் பாதி படித்துப் போட்டுவிட்டுப் போகும் புத்தகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கோட்டையூர் வீட்டுக்கு வருவான். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை விரித்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு படிப்பார்கள். முகேஷ் வேகமாகப் படிப்பான். பக்கத்தை முடித்துவிட்டு, அண்ணன் வந்து சேரட்டும் என்று விரலால் காகிதத்தின் ஓரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பான்.

அப்படி வந்த ஒரு புத்தகத்தில்தான் அந்தக் காளான் இருந்தது. அதைத் தின்றால் 'நான்' கரைந்துபோகும், கரைந்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் உண்மை என்று எழுதியிருந்தது. எழுதினவருக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டார். கதிரவன் மலைக்குப் போய், ஆள் பிடித்து, உலர்ந்த காளான் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். ஒருவர் தின்பது, மற்றவர் பக்கத்தில் காவல் இருப்பது என்று ஏற்பாடு. முதல் இரண்டு தடவையும் அவன்தான் தின்றான். சுவர் மூச்சுவிட்டது. காரணமில்லாமல் அழுகை வந்தது. உலகத்தின் ரகசியம் கைக்குள் வந்துவிட்டதாகத் தோன்றியது. மறுநாள் பல் விளக்கும்போது அது என்ன ரகசியம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

மூன்றாவது தடவை தம்பியின் முறை. போன வருஷம் மாசி மாதம், காலை ஏழு மணி. ஊருணிக்கரைப் புளியமரத்தடியில் இருவரும் உட்கார்ந்தார்கள். தம்பி தின்றுவிட்டு முக்கால் மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். காவல்காரன் கையில் புத்தகம். விறுவிறுப்பான இடம். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுக் கதிரவன் நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீரில் வட்டம் விரிந்துகொண்டிருந்தது. குதித்துத் தேடி இழுத்துக் கரையில் போட்டான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

படியில் பாசி, கால் வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. கதிரவனும் அதையே சொன்னான். அம்மா அம்மாக்கண்ணு மட்டும் ஆறவில்லை. நீச்சல் தெரிந்த பிள்ளை. வாரத்துக்கு ஒரு தடவையாவது மூத்தவனிடம் வந்து கேட்பாள்.

"கடைசியா ஒங்கிட்ட என்னய்யா பேசுனான்?"

"ஒன்னும் பேசலம்மா."

இதைச் சொல்லிச் சொல்லி அவனுக்கு நாக்கு மரத்துப்போனது. உண்மையைச் சொன்னால் அம்மா தன் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று பயந்தான். அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. தம்பியும் இல்லை. அம்மாவையும் இழக்க அவனுக்குத் தெம்பில்லை.

அன்றிலிருந்து அவனால் படிக்கவும் முடியவில்லை. பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, புத்தகத்தை விரித்தால் இடது தோள் கனக்கும். பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது காகிதத்தின் ஓரத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும். அவசரமாகப் புரட்டினால் நிற்கும். அடுத்த பக்கத்தின் முடிவில் மறுபடி தட்டும். பேய் பிடித்த மற்றவர்கள் பூசாரியிடம் போவார்கள். பேய் என்று ஒன்று கிடையாது என்று டீக்கடை டீக்கடையாக நிரூபித்தவன் எங்கே போவான்?

ஒரு வருஷம் ஓடிவிட்டது. கல்யாணமாகாமல் அகாலத்தில் போனவர்களுக்கு வருஷம் திரும்பியதும் புது வேட்டி சட்டை வைத்துப் படையல் போட்டு வீட்டுச்சாமியோடு சேர்ப்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் சமைத்து அவனுடைய இலையில் வைக்க வேண்டும். சாம்பிராணி காட்டிய பிறகு இலையில் உள்ளதை ஒன்றாகப் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை. செத்தவன் அன்றைக்கு யார் மேலாவது இறங்கி ஒரு வார்த்தை பேசுவான் என்று நம்பிக்கை. பேசாவிட்டால் மனக்குறையோடு இருக்கிறான் என்று அர்த்தம். அம்மாக்கண்ணு இந்த ஒரு நாளுக்காகத்தான் வருஷம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நடுப்பகலில் இரண்டு இலை போட்டார்கள், அப்பாவுக்கு ஒன்று, முகேஷுக்கு ஒன்று. அப்பாவின் அக்கா பாண்டீஸ்வரி அத்தைதான் முன்னின்று செய்தாள். முகேஷின் இலையில் புரோட்டா இருந்தது, கோழி வறுவல் இருந்தது, பால்கோவா இருந்தது. ஒரு மூலையில் சோற்றின் மேல் கறுப்பாக ஏதோ குழம்பு.

"இது என்னம்மா?"

அம்மாவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பெருமை. "ஒனக்கே தெரியாதா? அவன் புத்தக அலமாரியத் தொடைக்கையில பின்னால ஒரு டப்பா இருந்துச்சு. காளான்னு அவங் கையாலயே எழுதி ஒட்டியிருக்கான். புள்ள ஆசையா வத்தல் போட்டு வச்சிருக்கு, திங்கக் குடுத்து வைக்கல. சுடுதண்ணியில ஊறப்போட்டுப் புளி ஊத்தி வச்சேன். ரெண்டு கரண்டிதேன் வந்துச்சு. அம்புட்டையும் அவனுக்கே வச்சுட்டேன்."

கத்தரிக்காய், கொத்தவரை, சுண்டைக்காய் என்று எதையும் உப்புப் போட்டு மொட்டைமாடியில் காயவைத்து வருஷக்கணக்கில் எடுத்து வைக்கிற வீடு அது. உலர்ந்து சுருங்கின எதைப் பார்த்தாலும் அம்மாவுக்கு வத்தல்தான். பொட்டலத்தில் மீதியைத் தேடித் தேடிக் கதிரவனுக்குக் கிடைக்காமல் போனது ஏன் என்று இப்போது புரிந்தது. தன் முறை வரும் முன்பே பயந்துபோய்த் தம்பிதான் மீதியை ஒளித்து வைத்திருக்கிறான்.

சாம்பிராணி காட்டியாயிற்று. அத்தை குலவை போட்டாள். அம்மா முகேஷின் இலை முன்னால் உட்கார்ந்து புரோட்டாவையும் குழம்புச் சோற்றையும் பிசைந்தாள். முதல் உருண்டையை உருட்டி மஹாலட்சுமி பக்கம் நீட்டினாள். மஹாலட்சுமி கையை ஏந்தினாள்.

"அம்மா, இரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். இதைத் தின்றுதான் அவன் தண்ணீருக்குள் போனான். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், யார் கொடுத்தது என்று.

"அவன் இலைய நான் ஒருத்தனே சாப்பிடுறேம்மா. எங்கூடத்தானே அவன் எப்பவும் உக்காந்து சாப்பிடுவான்."

அம்மா உருண்டையை இலையில் போட்டுவிட்டுக் குலுங்கி அழுதாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணந்தம்பின்னா இப்புடி இருக்கணும்த்தா," என்றாள். ஒரு கோழைத்தனத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கதிரவன் இலையை இழுத்துப்போட்டு வழித்து வழித்துத் தின்றான். முன்பு தின்றதைப் போல மூன்று மடங்கு இருக்கும். இடையில் இரண்டு தடவை குமட்டியது, விழுங்கினான்.

மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். அவன் மட்டும் சுவரில் சாய்ந்து படையல் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்தால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்திருந்தது. அரைமணி நேரத்தில் குத்துவிளக்கின் சுடர் நீண்டது. புது வேட்டியின் மடிப்புகள் மெல்ல ஏறி இறங்கின. தன் கையைப் பார்த்தான். அது முகேஷின் கை. முழங்கைத் தழும்பு முதற்கொண்டு அவனுடையது. கதிரவனின் உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பற்கள் அடித்துக்கொண்டன.

அத்தை உள்ளே பார்த்துக் கத்தினாள். "அம்மாக்கண்ணு, ஓடியா. எறங்கிட்டான். கேக்க வேண்டியதைக் கேளு."

அம்மா ஓடிவந்து அவன் எதிரில் மண்டியிட்டாள். "வந்துட்டியாய்யா? எஞ்சாமி, வந்துட்டியா? எதுக்குய்யா அந்தத் தண்ணிக்குள்ள போன? ஒனக்கு என்ன கொறை வச்சேன்?"

அந்த நிமிஷத்தில் கதிரவனுக்குப் பயம் விட்டுப்போனது. சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். நான்தான் கொடுத்தேன். இரண்டே சொல். அதை மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"அண்ணன் குடுத்துச்சும்மா."

முகேஷ் பேசுகிற மாதிரியே கொஞ்சம் இழுத்து வந்தது குரல். கதிரவன் திகைத்துப்போய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நிறுத்த முடியவில்லை.

"இதே காளாந்தேன். பயமா இருக்குண்ணேன்னு சொன்னேன். பயப்படுறது யாருன்னு உள்ள பாருன்னு சொல்லுச்சு. சொல்லிட்டுப் புத்தகம் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் உள்ள பாத்தேன். யாருமே இல்லம்மா."

மஹாலட்சுமி கையிலிருந்த செம்பைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரமாக நகர்ந்தாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கதிரவன் காத்திருந்தான். அதற்கு ஏங்கினான் என்றே சொல்லலாம்.

அம்மா அவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"அவன் தெரியாமச் செஞ்சிருப்பான்யா. வேணும்னு செய்யுற புள்ளையா அது? அந்தக் கோவத்துலதேன் வந்திருக்கியா? ஒரு வருஷமா அவன் அரை ஆளாப் போயிட்டான், சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. நீதேன் கூடவே நின்னு இழுக்குறியா? வேணாம்யா. ஒங்கப்பாவும் போயிட்டாரு, நீயும் போயிட்ட. எனக்குன்னு அவன் ஒருத்தன்தேன் இருக்கான். அவனையும் கூட்டிட்டுப் போயிறாத. அவன விட்டுட்டேன்னு ஆத்தா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுய்யா."

உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

இதற்குப் பதில் சொல்ல உரிமை உள்ளவன் முகேஷ் ஒருவன்தான். கதிரவன் காத்திருந்தான். இத்தனை நேரம் வாயைப் பிடுங்கிக்கொண்டு பேசியவன் பேசட்டும் என்று உள்ளே தேடினான். தோள் கனக்கவில்லை. குரல் எழவில்லை. ஒரு வருஷமாக விடாமல் கூடவே இருந்தவன், கேட்ட இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அங்கே இல்லை. அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது.

"விட்டுட்டேம்மா," என்று தம்பியைப் போலவே இழுத்துச் சொல்லி, அந்தக் கையில் அடித்தான் கதிரவன்.

நான் யார், நான் என்று ஒருவன் உண்டா என்று பதினைந்து வருஷமாகப் படித்தவனுக்கு, இந்தப் பொய்யைச் சொன்னவன் யார் என்பதில் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.

அத்தை பெரிதாகக் குலவை போட்டாள். விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அப்பி, தலையில் தண்ணீர் தெளித்தாள். "மலையேறிட்டான். மனசு குளுந்து போயிட்டான்," என்றாள். அம்மா அழுகையும் சிரிப்புமாக அவனைத் தாங்கிப் பிடித்தாள். அந்த முகத்தில் அவன் தேடிய கோபம் எங்குமே இல்லை.

"கதிரு, அம்மாவைப் பாரு. தம்பி வந்திருந்தான்யா. எல்லாத்தையும் சொல்லிட்டான். ஒன்னைய மன்னிச்சுட்டான், அவன் வாயாலயே சொல்லிட்டான். இனி நீ எதையும் மனசுல வச்சுக்கிறாத."

கதிரவன் ஏதோ சொல்ல உதட்டை அசைத்தான். "பேசாத, சோறு ஒட்டியிருக்கு," என்று அம்மா முந்தானையை எடுத்து அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.